ராடு ஜீப்பில்தான் இருந்தது

செப்டம்பர் 22
லைன் வேலை பார்க்கும் எங்கள் ஆட்களுக்கு சேப்டி வகுப்பு எடுத்தேன். மேலிருந்து வந்த 64 ஸ்லைடு. பத்தாவதிலேயே பின்வரிசை சாய்ந்துவிட்டது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, ராத்திரி 2 மணி வரை பியூஸ் போட்டுவிட்டு வந்தவர்கள். கையெழுத்து 19 பேரும் போட்டார்கள். போட்டோவும் எடுத்தாயிற்று.

செப்டம்பர் 23
அன்றைக்கு லைனில் ஷாக் அடித்த எங்கள் ஆபீஸ் தம்பிக்கு ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றினார்களாம்.

செப்டம்பர் 25
வேலைக்கு முன் லைனைப் பூமியோடு இணைக்கிற எர்த் ராடு, அன்றைக்கு ஜீப்பில்தான் இருந்தது. பின்சீட்டுக்கு அடியில், சாக்கு சுற்றியபடி. எடுக்க இரண்டு நிமிஷம் ஆகுமா?

செப்டம்பர் 28
ஏன் யாரும் கவனிப்பதில்லை என்று போர்மேனிடம் கேட்டேன். "தெரியாததையா சார் சொல்றீங்க?" என்றார். அதுதான் உறுத்துகிறது. அன்றைக்கும் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். எல்.சி., அதாவது லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி, வாங்கியாயிற்று. லைனைத் துண்டிக்கிற ஏ.பி. ஸ்விட்சில் மூன்று பிளேடும் பிரிந்து நிற்பதைக் கண்ணால் பார்த்தோம். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் ஒருத்தர் நினைப்பிலும் இல்லை. ஜெனரேட்டர் கரண்ட் லைனுக்குத் திரும்பி ஏறாமல் தடுக்கிற சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் வைக்காத புண்ணியவான்கள்.

அக்டோபர் 2
லீவு. 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் இரண்டு, ஒரு ஜீரோ வாட் பல்பு வாங்கினேன். சாப்பாட்டு மேஜை முழுக்க ஒயர். வீட்டில் திட்டு.

அக்டோபர் 4
இன்று ஸ்லைடு இல்லை. ஆபீஸ் வேப்பமரத்தடியில் வைத்துக்கொண்டோம். முதல் டிரான்ஸ்பார்மர் 230-ஐ 12 ஆக்குகிறது. அந்த 12-ஐ இரண்டாவதின் 12 வோல்ட் பக்கத்தில் கொடுத்து, அதன் 230 பக்கத்தில் பல்பை மாட்டினேன். "அந்தப் பக்கம் பல்பு எரியுமா?" டீ பந்தயம். எரியாது என்றவர்கள்தான் அதிகம். ஸ்விட்சைப் போட்டதும் பச்சை பல்பு நிதானமாக எரிந்தது. யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு கேங்மேன் மெதுவாகக் கேட்டார்: "அப்ப ஜெனரேட்டர்ல இருந்து டிரான்ஸ்பார்மர்ல 440 ஏறினா, மேல லைன்ல 11,000 நிக்குமா சார்?" நான் வாயே திறக்கவில்லை.

போர்மேன் எழுந்து போய் ராடை எடுத்துவந்தார். இருப்பதிலேயே சின்னப் பையனிடம் கொடுத்தார். அவன் நேரே லைனில் மாட்டப்போனான். "டேய், செத்த!" என்று நாலைந்து குரல். முதலில் பூமி, பிறகு லைன். கழற்றும்போது தலைகீழ். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளவுஸையும் சோதித்தார்கள். மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, காற்றை விரல்களுக்குத் தள்ளி, கன்னத்தருகே பிடிக்க வேண்டும். இடது கையில் சுண்டுவிரல் கசிந்தது. நேற்றுவரை அதைப் போட்டுத்தான் வேலை செய்திருக்கிறார்கள்.

அக்டோபர் 5
புது கிளவுஸ் கேட்டு எழுதினேன். ஸ்டாக் இல்லையாம். வகுப்பு போட்டோ மட்டும் உடனே வேண்டுமாம்.

அக்டோபர் 9
ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியே போன் பண்ணினான். "பல்பு எரிஞ்சுதாமே சார்." வேறெதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அக்டோபர் 10
ராடை எடுக்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. இன்று வாட்சை வைத்துப் பார்த்தேன். 40 செகண்ட்.

அக்டோபர் 14
மழை பிடித்துவிட்டது. மூன்று பீடர் லைன் டிரிப் ஆகி கரண்ட் இல்லை. ஜீப்பில் ஹாரன் அடிக்கிறார்கள். கிளவுஸ் இன்னும் வரவில்லை.