தூக்குவாளி

ஜூலை 30, 2024
விடிஞ்சதுலேருந்து டிவிதான். முண்டக்கை, சூரல்மலை. அம்மா கஞ்சியைத் தொடலை.

ஜூலை 31
மத்தியானத்துக்குள்ள குமுளி முழுக்க ஒரே பேச்சு. வயநாட்டுல மலை சரிஞ்சா இங்க எல்லாரும் முல்லைப் பெரியாறு அணையைத்தான் பார்க்கிறாங்க.
நம்ம தெரு மலையாளத்துச் சேச்சியோட தூக்குவாளி இன்னும் நம்ம வீட்டுலதான் கிடக்கு. வெறும் பாத்திரமா கொடுக்காதேங்கிறா அம்மா.

ஆகஸ்ட் 2
கம்பத்துலேருந்து மச்சான் போன். "அவனுக பயம் அம்புட்டும் நடிப்பு மாப்ள. அணையில 152 அடி வரைக்கும் தேக்கினா அவனுக ரிசார்ட்டு முங்கிரும்ல." நானும் ஒரு காலத்துல இதையே பேசினவன்தான். ஆனா சேச்சி வீட்டுக்காரர் சேட்டனோட தங்கச்சி வீடு அணைக்குக் கீழ வல்லக்கடவுல, ஆத்தை ஒட்டி. கட்டிலுக்கு அடியில ஒரு பை வச்சிருக்கு அந்தப் பொண்ணு. நிலப் பட்டயம், ரேஷன் கார்டு, பிள்ளைக சர்டிபிகேட், எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள்ள. கட்டிலுக்கு அடியில யாருக்கு நடிச்சுக் காட்டுறது?

சேட்டனும் அப்படித்தான். 1979ல தண்ணி மட்டத்தை 136 அடிக்கு இறக்கினது, அப்புறம் அணைச் சுவருக்குள்ள இரும்புக் கேபிள் இறக்கி, பின்னால கான்கிரீட் முட்டுக் கொடுத்தது, 2014ல சுப்ரீம் கோர்ட்டு 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு சொன்னது, நான் சொல்றது எல்லாத்தையும் பொறுமையாக் கேப்பார். "சரியாயிருக்கும். 1895ல கட்டின சுண்ணாம்புச் சுவரல்லே, எனக்கு உறக்கம் வரணுமே." கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் நெல்லு இந்தத் தண்ணியை நம்பித்தான்னு சொன்னா, தண்ணி தரமாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்னு கோவிச்சுக்குவார். அந்தக் கோவம் எனக்குப் பிடிக்கும்.

ஆகஸ்ட் 4
அம்மாவுக்குக் கால் வீக்கம் வடியலை.

ஆகஸ்ட் 5
தெருக் குரூப்புல வீடியோ. அணை உடைஞ்சு பாயுது. பின்னால வெள்ளைவெளேர்னு பனி உறைஞ்ச மலை. இடுக்கியில ஏதுய்யா அது? அனுப்பினது சேட்டன். நேர்ல போய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "இது நம்முடெ அல்ல." என் முன்னாலயே அழிச்சார்.

ஆகஸ்ட் 7
அதே வீடியோ, ஏலக்காய் குரூப்புல. அதே சேட்டன். கூடவே ஒரு வரி: கம்பம் ஜீப்பு ஒண்ணையும் மேல ஏற விடக்கூடாதாம்.
2011 டிசம்பர்ல, அணைச் சண்டையில இங்க தமிழாளுகளை அடிச்சப்ப, ஏலக்காய் எடுக்க வந்த நம்ம பொம்பளைக ஏழு பேரைத் தன் ஸ்டோருக்குள்ள வச்சுப் பூட்டி, விடிய விடிய கேட்டுக்கு முன்னால நாற்காலி போட்டு உக்காந்திருந்தவர் இவர். சாவி மடியில. அந்தப் பொம்பளைகளும் ஜீப்புலதான் வந்தாங்க.
5ஆம் தேதி அனுப்பினது பயத்துல. இதுக்கு என்ன பேர் வைக்க?

ஆகஸ்ட் 8
அம்மா வாளியைத் தேச்சு, முறுக்கு நிரப்பி வச்சிருக்கா. கேட்டு வரைக்கும் போனேன். உள்ள வெளிச்சம் இருந்தது. திரும்பிட்டேன். சேச்சி வீட்டுல இல்லைன்னு அம்மாகிட்டச் சொன்னேன்.

ஆகஸ்ட் 10
முறுக்கு நமுத்துப் போச்சு.