ரைடு ஏறாத அம்மாவுக்கும் ஒரு ஓட்டல்

போன மாதம் மூன்றாவது முறையாகப் பிடதி வொண்டர்லா போய்வந்தோம். காவேரிப்பட்டினத்தில் இருக்கும் எங்களுக்குத் தீம் பார்க் என்றாலே அதுதான். ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் நைஸ் ரோட்டில் ஏறிவிட்டால் பெங்களூருவுக்குள் நுழையாமலே மைசூர் ரோட்டைப் பிடித்துவிடலாம்.

முதல் இரண்டு முறையும் டிக்கெட், மாற்றுத்துணி, எந்த ரைடில் முதலில் ஏறுவது என்று எல்லாவற்றையும் யோசித்துவிட்டு, சாப்பாட்டை மட்டும் "போற வழியில பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டோம். இரண்டாவது முறை திரும்பும்போது, நெடுஞ்சாலையில் விளக்கெல்லாம் பளபளத்த ஒரு பெரிய ஓட்டலில் நுழைந்து, முக்கால் மணி நேரம் காத்திருந்து, சின்னவன் மேசையிலேயே தூங்கிப்போய், கடைசியில் வந்த ஃப்ரைடு ரைஸும் ஆறிக் கிடக்க, அம்மா நாலு வாய்கூடச் சாப்பிடவில்லை. வீடு வரும்வரை எனக்கு மனசே ஆறவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி, ரைடு எதிலும் ஏற மாட்டார். பையன்கள் ரீகாயிலில் தலைகீழாகச் சுற்றும்போது கீழே பைகளை மடியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அந்த நாள் முழுக்க அவருக்கும் எங்களுக்கும் பொதுவாக இருப்பது சாப்பாடு மட்டும்தான். அதையும் கோட்டைவிட்டால் அவரை எதற்குக் கூட்டிப்போவது?

அதனால் இந்த முறை ஓட்டலை முதலில் முடிவு செய்தோம்.

வொண்டர்லா கேட் காலை 11 மணிக்குத்தான் திறக்கும். ஆறு மணிக்கே கிளம்பினால் டிபனை நிதானமாகச் சாப்பிடலாம். பார்க் வாசலைத் தாண்டி இன்னும் சில கிலோமீட்டர் போனால் பிடதி ஊர். அங்கே தட்டே இட்லிதான் பேர்போனது. ஒரு விஷயம் கவனியுங்கள், புது எக்ஸ்பிரஸ்வே ஊருக்கு வெளியே சுற்றிக்கொண்டு போய்விடும், சர்வீஸ் ரோட்டிலேயே ஓட்டினால்தான் கடைகள் கண்ணில் படும். கன்னடத்தில் தட்டே என்றால் தட்டுதான். சின்னத் தட்டு அகலத்துக்கு, தட்டையாக, விரல் வைத்தால் அமுங்கும் அளவு மெத்தென்ற இட்லி, மேலே ஒரு உருண்டை வெண்ணெய், பக்கத்தில் சட்னி. வெண்ணெய் உருகி ஓரத்தில் வழியும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். பெரியவன் மூன்று சாப்பிட்டான், எனக்கு இரண்டே போதும் போதும் என்றாகிவிட்டது.

மதியத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள், உள்ளேயே ஓட்டல்கள் இருக்கின்றன. எல்லோருக்கும் பசிக்கிற ஒரு மணிக்குப் போகாமல் பன்னிரண்டு மணிக்கோ இரண்டரைக்கு மேலோ போங்கள், ரைடு ஏறுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், அவ்வளவுதான்.

உண்மையான பசி தண்ணீரிலிருந்து வெளியே வந்த பிறகுதான். அப்போது சூடாக, காரமாக ஏதாவது வேண்டும். மைசூர் ரோட்டுக்கு வந்துவிட்டு மறுபடியும் நூடுல்ஸா? காலையில் டிபன் கடையிலேயே என் மனைவி (ஓசூர்க்காரி, கன்னடம் நன்றாக வரும்) நாட்டுக்கோழிக்கு எந்த மிலிட்டரி ஓட்டல் (அந்தப் பக்கம் அசைவ ஓட்டலுக்கு அப்படித்தான் பேர்) நல்லது, சாயங்காலம் திறந்திருக்குமா என்று கேட்டு வைத்துக்கொண்டாள். ஓட்டல் தேட எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை, உள்ளூரில் சாப்பிடுகிறவர்கள் சொல்கிற இடம் அநேகமாகத் தப்பாது.

சின்னக் கடை. பலகையில் ஏழெட்டு அயிட்டம்தான். ராகி முத்தே, நாட்டிக் கோழி சாறு, அதாவது நாட்டுக்கோழிக் குழம்பு. தட்டில் உருண்டையாக முத்தே வந்ததும் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பென்னாகரத்தில் பிறந்து களியிலேயே வளர்ந்தவர். கிள்ளி, சாற்றில் முக்கி, மெல்லாமல் அப்படியே விழுங்கினார். "நம்ம களிதான்டா. நாம அரிசி நொய் போட்டுக் கிண்டுவோம், இவங்க வெறும் மாவுலயே உருட்டியிருக்காங்க, அதான் வழுவழுன்னு எறங்குது" என்றவர், பேரன்களுக்கும் எப்படி விழுங்குவது என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். சின்னவன் மென்றுவிட்டு முழித்தான், அப்புறம் பிடித்துக்கொண்டான். அம்மா இன்னொரு உருண்டை கேட்டு வாங்கினார். அவர் வெளியில் எங்கேயும் இரண்டாவது முறை கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை.

இப்போது பக்கத்து வீட்டில் பையன்கள் ரீகாயிலைப் பற்றிச் சொன்னால், அம்மா முத்தேயைப் பற்றிச் சொல்கிறார். அடுத்தது ஒகேனக்கல். மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே குழம்பு வைத்து, வறுத்துத் தரும் அக்காக்கள் இருக்கிறார்கள் இல்லையா, எந்த மீன், யாரிடம் கொடுப்பது என்பதை அம்மாதான் முடிவு செய்வாராம். இப்போதே சொல்லிவிட்டார்.