ஊதச் சொல்லாத சோதனை

"இழுங்க, நல்லா இழுங்க, இப்ப ஊதுங்க, ஊதுங்க, விட்டுடாதீங்க!" பினாங்கில் நுரையீரல் பரிசோதனை அறையில் வேலை பார்க்கும் எனக்குத் தொண்டை கட்டுவது இதனால்தான். ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் சோதனையில் குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து மூச்சு முடியும்வரை ஊத வேண்டும். ஐந்து வயதுக்கும் குறைந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது வராது. தசை தளர்ந்தவர்களுக்கு உதட்டை இறுக்குவதே பெரும்பாடு. அரிய மரபணு நோய்களோடு வருபவர்களில் இந்த இரண்டு வகையினரும் நிறைய.

அவர்களுக்காகத்தான் பட்டைக் கருவி. நெஞ்சைச் சுற்றி ஒன்று, வயிற்றைச் சுற்றி ஒன்று. துணிக்குள் நெளி நெளியாகக் கம்பி தைத்திருக்கும். மூச்சில் உடம்பு விரிந்து சுருங்கும்போது கம்பியின் மின்தூண்டல் மாறும், கணினி அதைக் கோடாக வரையும். ஊசி இல்லை, குழாய் இல்லை, பிள்ளை தூங்கினாலும் சரி. மிலானில் உருவான இன்னொரு முறையில், உட்கார்ந்திருக்கும் பெரியவர் மேல் 89 ஒளிப்புள்ளிகளை ஒட்டிக் கேமராக்களால் அளப்பார்கள். நுணுக்கமான வேலைதான். ஆனால் அழுகிற பிள்ளைமேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தவர்களுக்கு என் தயக்கம் புரியும்.

நெஞ்சும் வயிறும் ஒன்றாக ஏறி இறங்கினால் இரண்டு கோடுகளும் எவ்வளவு பிசகுகின்றன என்பதைச் சொல்லும் கோணம் சுழியத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் 180 பாகை. இங்கேதான் சிக்கல். முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோயில் விலா இடைத் தசைகள் தளர்ந்துபோகும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதனால் வயிறு எழும்பும்போது நெஞ்சு உள்ளே போகும். பொம்பே (Pompe) என்ற மரபணு நோயில் தசைக்குள் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு சேர்ந்து உதரவிதானமே அடி வாங்கும், மல்லாந்து படுத்தால் நெஞ்சு எழும்ப வயிறு உள்ளே போகும். மென்பொருள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே கோணத்தைக் காட்டும்.

கூலிமிலிருந்து ஓர் ஐயா வருவார், முன்னாள் லாரி ஓட்டுநர், பொம்பே நோயாளி. "என்ன வேணும்னாலும் செய்யும்மா, படுக்க மட்டும் சொல்லாத" என்பார். உட்கார்ந்து எடுத்த கோட்டைப் பார்த்தால் ஆளுக்கு ஒன்றுமே இல்லை என்று தோன்றும். படுத்ததும் ஊதும் அளவு 25 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் உதரவிதானத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பது எங்கள் துறையின் பழைய கணக்கு. அவருக்கு ஊதாமலேயே, படுத்த கொஞ்ச நேரத்தில் கோடுகள் பிரிந்துவிடும். பல ஆண்டுகளாக நாற்காலியிலேயே தூங்குகிறார். முதுகுவலி என்றே வீட்டில் நினைத்தார்களாம்.

அழுகை, அசைவு, பேச்சு எல்லாவற்றையும் மென்பொருள் தானே வெட்டி எறிந்துவிடும். நல்லதுதான். ஆனால் மிஞ்சுவது பெரும்பாலும் தூக்கம், அதிலும் எந்தத் தூக்கம் என்பது அதற்குத் தெரியாது. கனவு வரும், கண்கள் உருளும் தூக்கத்தில் விலாத் தசைகள் ஓய்ந்துவிடும், நல்ல ஆரோக்கியமான கைக்குழந்தைக்கும் நெஞ்சு உள்ளே போகும். சுங்கை பட்டாணியிலிருந்து பாலம் கடந்து வந்த ஒரு தாய், "இப்ப கனவு காணுறான் மிஸ்ஸி, இமை ஆடுது" என்று சொன்னதால்தான் நான் அந்தப் பகுதியைத் தனியாகக் குறித்து வைத்தேன்.

மலேசியாவில் 4,000 பேரில் ஒருவருக்கும் குறைவாக வருவதை அரிய நோய் என்கிறார்கள். அப்படியென்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் ஏது? போன முறை எடுத்த அவரவர் கோடுதான் அளவுகோல். அதனால் தலையணை உயரத்தைக்கூட நான் விடாமல் எழுதி வைக்கிறேன்.

பாயான் லெப்பாஸில் பொறியாளராக இருக்கும் ஒரு தம்பி, எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணாக்கிப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டலாம் என்கிறார். டாக்டருக்கு நேரமில்லை என்பது அவர் வாதம், அதில் நியாயமும் இருக்கிறது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. வண்ணம் வேண்டுமானால் போடட்டும், இரண்டு கோடுகளையும் எடுக்கக் கூடாது. இப்போதைக்கு அறிக்கையில் இரண்டும் அச்சாகின்றன, படுத்தாரா, உட்கார்ந்தாரா, தூங்கினாரா என்பதை ஓரத்தில் பேனாவால் எழுதுகிறேன். தானியங்கிக் கருவிக்கு இது இழுக்கு என்று தம்பிக்கு வருத்தம்.