வெண்கட்டிப் பெட்டியில் போட்ட கேள்விகள்

1979ஆம் ஆண்டு நான் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது எமது கல்லூரியில் எல்லாப் பாடங்களும் தமிழிலேயே நடந்தன. ஆங்கிலத்துக்கு நாளொன்றுக்கு ஒரு பாடவேளைதான். எங்கள் ஆங்கில ஆசிரியரோ சகல பாடங்களையும் ஆங்கிலத்தில் படித்துத் தேறிய முந்திய தலைமுறையைச் சேர்ந்தவர். அதேவேளை நன்னூலையும் மனனமாக வைத்திருந்தவர். வெறுமையான வெண்கட்டிப் பெட்டியொன்றின் மூடியில் துளையிட்டுத் தமது மேசையில் வைத்திருப்பார். எழுந்து நின்று கேட்கக் கூச்சப்படுவோர் கேள்வியைத் துண்டுக் கடதாசியில் எழுதி அதற்குள் போட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்து விடை சொல்வார்.

நன்னூலில் பவணந்தியார் வகுத்த ஆறு வினாக்களில் எங்களுடையவை பெரும்பாலும் ஐய வினாக்கள் என்பார். இதுவோ அதுவோ என்று மயங்குகிறவனுக்கு இரண்டும் பாதியளவாவது தெரிந்திருக்கிறது என்பது அவருடைய எண்ணம். ஆகவே பிழையான வசனத்தைச் சிவப்பு மையால் வெட்டமாட்டார். "தம்பி, இதைத் தமிழில ஒருக்காச் சொல்லும் பாப்பம்" என்பார்.

காய்ச்சலுக்கு லீவுக் கடிதம் எழுதியவன் 'மூன்று நாட்களாக' என்பதற்குச் 'சின்ஸ்' போட்டிருந்தான். 'திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல்', 'மூன்று நாளாகக் காய்ச்சல்' என்ற இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, 'இருந்து' வரும் இடம் 'சின்ஸ்', 'ஆக' வரும் இடம் 'ஃபோர்' என்று காட்டினார். ஆங்கிலத்துக்கென்று நாங்கள் தனியாக மனப்பாடம் செய்ய முயன்ற வேறுபாடு எங்கள் வாயிலேயே இருந்தது. தமிழ் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் 'ஹாவ் பீன்' என்று சொல்ல வைப்பதுதான் உண்மையில் புதிதாகப் பழகவேண்டியது. 'டிஸ்கஸ்' என்ற வினையோடு 'எபவுட்' சேர்ப்பதும் இவ்வாறே: நாம் ஒன்றைப் 'பற்றி'க் கலந்துரையாடுகிறோம், ஆங்கிலத்தில் அந்தப் 'பற்றி' வினைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

ஆங்கில வசனத்தை 'வித்', 'ஒஃப்' போன்ற முன்னிடைச்சொல்லால் முடிக்கலாமா என்று கேட்டபோது, 1672இல் டிரைடன் என்ற கவிஞர் தமக்கு முந்திய பென் ஜான்சனிடம் அதைக் குறையாகக் கண்டதையும், இலத்தீனில் அப்படி முடிக்கும் வழக்கம் இல்லை என்பதையும் சொன்னார். வடமொழி இலக்கணத்தின் அளவில் தமிழுக்குச் சட்டை தைத்த வீரசோழியம் என்ற இலக்கண நூலை அப்போது அவர் நினைவூட்டியது, இரு மொழிகளையும் ஒரே கண்ணால் பார்க்கத் தெரிந்தவரின் ஒப்பீடு என்று இப்போது எனக்குப் படுகிறது.

அவர் ஒரு பாடவேளை முழுவதையும் செலவிட்ட கேள்வி வேறொன்று. 'நீ சாப்பிடவில்லையா?' என்று கேட்டால் சாப்பிடாதவன் தமிழில் 'ஓம், சாப்பிடவில்லை' என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் ஏன் 'நோ' என்று தொடங்கவேண்டும்? தமிழில் 'ஓம்' என்பது கேட்டவரின் கூற்றை ஒப்புக்கொள்கிறது, ஆங்கிலத்து 'யெஸ்', 'நோ' கேட்டவரைப் பாராமல் நடந்த காரியத்தையே பார்க்கின்றன, நடந்திருந்தால் 'யெஸ்', நடக்காவிட்டால் 'நோ' என்று விளக்கினார். பிறகு ஒவ்வொருவராக எழுப்பி, "குடை கொண்டு வரேல்லையோ?", "நேற்று நீர் வரேல்லையோ?" என்பவற்றை ஆங்கிலத்தில் கேட்டு, மணி அடிக்கும்வரை பழக்கினார்.

பதினைந்து ஆண்டுகளின் பின் இலண்டனில் மருத்துவமனையொன்றில் உரைபெயர்ப்பாளராக நின்றபோது அந்தப் பாடவேளை திரும்ப வந்தது. சத்திரசிகிச்சைக்கு முதல் தமிழ் அம்மா ஒருவரிடம், நள்ளிரவுக்குப் பின் ஏதும் சாப்பிடவில்லையா என்று தாதி கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்த அம்மா "யெஸ்" என்று தலையசைத்துவிட்டார். தாதியின் பேனை படிவத்தின்மேல் அப்படியே நின்றது. சாப்பிட்டிருந்தால் மயக்க மருந்து கொடுக்க முடியாது, சிகிச்சையைத் தள்ளிவைக்கவேண்டும். "அம்மா, கடைசியா எப்ப என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டேன். "ராத்திரி எட்டு மணிக்கு இடியப்பம் பிள்ளை, பிறகு தண்ணிகூடக் குடிக்கேல்லை" என்றார். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லி, அவர் சொன்ன 'யெஸ்' தமிழ் 'ஓம்' என்பதையும் விளக்கிய பின்னரே பேனை நகர்ந்தது. அன்று முதல் எதிர்மறையில் கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் வெறும் 'யெஸ்', 'நோ' என்று மொழிபெயர்த்ததில்லை. முழு வசனமாகவே சொல்கிறேன்.

பெட்டியில் நான் போட்ட கேள்விகளில் ஒன்றையாவது இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். அடுத்த சனிக்கிழமை 'வீ' நயினாதீவுக்குப் போகிறோம் என்று ஆசிரியர் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அந்த 'வீ'க்குள் மாணவர்களும் அடக்கமா, ஆசிரியர்கள் மட்டுமா என்று எழுதிப் போட்டேன். எங்கள் பேச்சில் 'நாங்கள்' இரண்டுக்கும் பொதுவாக வந்தாலும், கேட்பவரையும் சேர்க்கும் 'நாம்' எழுத்துத் தமிழில் தனியே உண்டு என்றும், அதற்கு ஈடாக ஆங்கிலத்தில் ஒரு சொல் இல்லாதபடியால் இடம் பார்த்தே உணரவேண்டும் என்றும் சொல்லி, எல்லோரையும் கூட்டிச் சென்றார்.

1998இல் அவரிடமிருந்து எனக்கு வந்த கடைசிக் கடிதம், வழமைபோல ஆங்கிலத்திலேயே இருந்தது. மறுபடி ஒருமுறை சந்திக்கவேண்டும் என்ற வசனத்தில், 'வீ' என்ற சொல்லுக்கு மேலே, சிறிய எழுத்தில் 'நாம்' என்று எழுதியிருந்தார்.