நிழல் நீளும் நேரத்தில் அணைந்த கார்பன்

1986இல் சிவகாசியில் ஒரு தியேட்டரில் உதவி ஆபரேட்டராக இருந்தேன். லைசென்ஸ் இன்னும் வரவில்லை. ரீல் சுற்றுவது, அறுந்த பிலிமை ஒட்டுவது, புரொஜெக்டரில் வெளிச்சத்துக்காக எரியும் கார்பன் குச்சி மாற்றுவது, சீனியர் ஆபரேட்டருக்கு டீ வாங்கி வருவது எல்லாம் என் வேலை. அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கேபினுக்குள் வெக்கை தாங்காது. கார்பன் எரியும் வாடை சட்டையைத் துவைத்தாலும் போகாது. ஆனால் அந்தச் சின்னக் கண்ணாடி ஓட்டை வழியே திரையும் தெரியும், திரையைப் பார்க்கும் தலைகளும் தெரியும். நடிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஓட்டை வழியாகக் கற்றுக்கொண்டதுதான்.

அந்த வருடம் ‘மெக்கன்னாஸ் கோல்ட்’ பெட்டி வந்தது. 1969இல் வந்த ஆங்கிலக் கௌபாய் படம். தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ முறை ஓடித் தேய்ந்த பிரிண்ட். திரையில் மழை பெய்வது போலக் கோடுகள். நடுவில் சில இடங்களில் வெட்டு. “ஒரு வாரம் தாங்கும்” என்றார் அண்ணாச்சி. பத்து நாள் ஓடியது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு அச்சகத்துப் பையன்களும் பட்டாசு ஆலை ஆட்களும் இரவுக் காட்சிக்கு வந்து குவிந்தார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கௌபாய் புதிதில்லை. முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் அச்சாகிற ஊர். டெக்ஸ் வில்லர் யார் என்று தீப்பெட்டி ஒட்டுகிற பையனுக்கும் தெரியும். இயக்குநர் கர்ணன் எடுத்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ மாதிரிப் படங்களில் குதிரையும் துப்பாக்கியும் பார்த்தவர்கள்தான் பெரியவர்கள். அதனால் யார் ஷெரிப், யார் கொள்ளைக்காரன் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. புரியாமல் இருந்தது வசனம் மட்டும்தான். அதையும் ஏற்கெனவே படம் பார்த்த யாராவது ஒருவர் வரிசைக்கு வரிசை சத்தமாகச் சொல்லிவிடுவார். அதில் பாதி அவர் சொந்தமாகக் கட்டியது.

வசனம் போய்விட்டால் மிஞ்சுவது முகமும் உடம்பும்தானே. அந்தக் கூட்டம் அதை என்னமாய்ப் படித்தது! கொலராடோ என்ற கொள்ளைக்காரனாக ஓமர் ஷெரிப். எகிப்துக்காரர், மெக்சிகன் வேடத்தில். அவர் வந்து பல் தெரியச் சிரித்தால் தரை டிக்கெட்டும் சேர்ந்து சிரித்தது. அப்போது எனக்கு அது ஆச்சரியம். நம்பியார் திரையில் வந்தால் மண்ணை வாரித் தூற்றுகிற பெண்களை இதே தியேட்டரில் பார்த்திருக்கிறேன். கொலராடோவை யாரும் திட்டவில்லை. “பய கெட்டவன்தான், ஆனா ஆசையா இருக்கான்” என்று இடைவேளையில் முறுக்குக் கடையில் ஒருத்தர் சொன்னார். ஆசை பிடித்த ஒருவனை ஆசையோடு நடித்துக் காட்டியிருக்கிறார் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். அதைவிடச் சரியாக எனக்கும் சொல்ல வரவில்லை.

மெக்கன்னாவாக வரும் கிரிகரி பெக்கைப் பற்றித்தான் முணுமுணுப்பு. “ஹீரோ சும்மாவே நிக்காரே” என்றார்கள். முதல் நான்கு காட்சிகள் வரை எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்புறம் அந்த வரைபடத்தை எரிக்கிற இடம் பிடிபட்டது. சாகப்போகும் கிழட்டு அபாச்சே பூர்வகுடித் தலைவரிடமிருந்து தங்கம் இருக்கும் பள்ளத்தாக்கின் வரைபடம் கைக்கு வருகிறது. மெக்கன்னா ஒரு பார்வை பார்க்கிறார், நெருப்பில் போட்டுவிடுகிறார். இனிமேல் வழி அவர் தலைக்குள் மட்டும்தான். அந்த ஒரு பார்வையில் பேராசையும் இல்லை, வீரமும் இல்லை. பழைய கதை ஒன்றை நம்ப மறுக்கிற அலுப்புதான் இருக்கிறது. அவர் அப்படி அசையாமல் நிற்பதால்தான் ஓமர் ஷெரிப்பின் துள்ளல் எடுபடுகிறது. இரண்டு பேரும் துள்ளியிருந்தால் படம் கத்தலாகியிருக்கும். இது இன்றைக்கும் என் கட்சி.

6 அடி 9 அங்குல உயரத்து டெட் கேசிடி அபாச்சே வீரன் ஹசிட்டாவாக வருவார். பேச்சே கிடையாது என்று சொல்லலாம். அவருக்குப் ‘பனைமரம்’ என்று இரண்டாம் நாளே பெயர் விழுந்துவிட்டது. எலி வாலக், லீ ஜே. காப் போன்ற பெரிய நடிகர்களெல்லாம் தங்க வெறி பிடித்த ஊர்க்காரர்களாக வந்து கொஞ்ச நேரத்தில் செத்துப்போவார்கள். அவர்களை எங்கள் கூட்டம் கவனிக்கவே இல்லை.

எட்வர்ட் ஜி. ராபின்சனை மட்டும் விடவில்லை. ஆடம்ஸ் என்ற குருட்டுக் கிழவர் வேடம் அவருக்கு. தங்கத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து கண்ணை இழந்தவர். தனக்கு நடந்ததை உட்கார்ந்து சொல்லுவார். சண்டை கிடையாது, குதிரை கிடையாது. ஒரு கிழவர், அவர் குரல், அவ்வளவுதான். கதை சொல்லும் ஆள்கூட அங்கே வாயை மூடிக்கொண்டார். பீடி நெருப்புகள் இருட்டில் அப்படியே நின்றன. ஒரு வார்த்தை புரியாமல் ஒரு கூட்டம் அப்படி அடங்கியதை நான் அதற்குப் பிறகு அதிகம் பார்த்ததில்லை.

சரி, என் தப்புக்கு வருகிறேன்.

படத்தின் உச்சம் ஒரு நிழல். விடியற்காலையில் எல்லோரும் குதிரைமேல் காத்திருப்பார்கள். ஒற்றைத் தூண் மாதிரி நிற்கும் பாறைமேல் வெயில் படும். அதன் நிழல் தரையில் நீண்டுகொண்டே போய்ப் பள்ளத்தாக்கின் வாசலைக் காட்டும். அரிசோனாவில் கேன்யன் டி ஷேயில் உள்ள ஸ்பைடர் ராக் அது, 700 அடிக்கு மேல் உயரம் என்று பின்னாளில் படித்தேன். அங்கே வாழும் நவாஹோ பூர்வகுடி மக்கள் அதைச் சிலந்திப் பெண்ணின் வீடு என்று வணங்குகிறார்கள். அவர்கள் நிலத்தில் எடுத்த படத்தில் முக்கியமான பூர்வகுடி வேடங்களைப் பூர்வகுடிகள் அல்லாத ஜூலி நியூமாரும் டெட் கேசிடியும் போட்டிருந்தார்கள் என்பது இப்போது நெருடுகிறது. அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது.

மூன்றாம் நாள் இரவுக் காட்சி. அண்ணாச்சி கீழே போயிருந்தார். கார்பன் குச்சிகள் எரிய எரியக் குறையும். இடைவெளி கூடாமல் கைப்பிடியைத் திருகித் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நான் ஓட்டையில் மூக்கை ஒட்டிக்கொண்டு, நிழலையும் அதோடு சேர்ந்து முன்னால் சாயும் தலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். திரை மஞ்சளாகியது. வெயில் மாறுகிற காட்சிதானே என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். பொத்தென்று இருட்டு. பேச்சும் குதிரைக் குளம்பும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

விசில் சத்தத்தில் கூரை அதிர்ந்தது. அண்ணாச்சி படியேறி ஓடிவந்து குச்சிகளை முட்டவைத்து இழுத்தார். வெளிச்சம் வந்தபோது நிழல் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் என்னை அடிக்கவில்லை. “அந்த எடத்துலயாடா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

படம் விட்டதும் ஒரு பெரியவர் கேபின் படிக்கட்டின் கீழே நின்றிருந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று பயந்துகொண்டே இறங்கினேன்.

“தம்பி, அந்த நெழல மட்டும் இன்னொரு தடவ காட்ட முடியுமாய்யா?”

பட்டாசு ஆலையில் சரக்குக் காயப்போடும் களத்தில் அவருக்கு வேலை. முப்பது வருஷமாக நிழலைப் பார்த்துத்தான் தட்டுகளை நகர்த்துகிறாராம், கடிகாரமே பார்ப்பதில்லையாம். மறுநாள் அந்த ரீல் ஏறும் நேரத்துக்கு அவரை வரச்சொல்லி, டிக்கெட் கிழிப்பவரிடம் சொல்லிப் பால்கனி வாசலில் நிற்கவைத்தேன். கார்பனைவிட்டு நான் கையை எடுக்கவில்லை. நிழல் நீண்டு பாறைச் சுவரைத் தொட்டது. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேபின் பக்கம் வந்தார்.

“தப்பு தம்பி. பொழுது ஏற ஏற நெழலு சுருங்கணும். இவன் நீட்டிட்டான்.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

“ஆனா அத்தன பேரும் அதப் பாக்கான் பாரு, அந்தக் கண்ணு பொய்யில்ல” என்றார். குதிரைமேல் இருந்தவர்களைச் சொன்னார். மீதிப் படத்துக்கு நிற்காமல் போய்விட்டார்.

அமெரிக்காவில் இந்தப் படம் எதிர்பார்த்த அளவுக்குப் போகவில்லை, விமர்சகர்களும் நன்றாக எழுதவில்லை என்று எத்தனையோ வருடம் கழித்துத் தெரிந்தது. அவர்கள் காட்டிய ஓட்டைகள் இருக்கத்தான் செய்கின்றன. மலை இடிகிற கடைசிக் காட்சியில் பொம்மை மலை பொம்மையாகவே தெரியும். ஆனால் நிழல் நீண்டது தப்பு என்று முதல் பார்வையில் கண்டுபிடித்துவிட்டு, நடித்தவர்களின் கண்ணை நம்பிய அந்தப் பெரியவரைத்தான் நான் இன்றும் நல்ல ரசிகர் என்று நினைக்கிறேன்.

கடைசி நாள் இரவுக் காட்சி. மலை இடிந்து தங்கம் மண்ணுக்குள் போயாகிவிட்டது. மெக்கன்னாவும் கதாநாயகியும் குதிரையில் கிளம்புகிறார்கள். சேணத்துப் பையில் தங்கம் கிடப்பது அவர்களுக்குத் தெரியாது, நமக்குக் காட்டிவிடுவார்கள். பத்து நாளும் அந்த இடத்தில் நடந்ததேதான் அன்றைக்கும் நடந்தது. தரை டிக்கெட் மொத்தமும் எழுந்து, “பையப் பாருய்யா, பையப் பாரு!” என்று திரையைப் பார்த்துக் கத்தியது. கிரிகரி பெக் திரும்பவே இல்லை. அண்ணாச்சி விளக்கைப் போடச் சொன்னார். நான் கடைசி ரீலைச் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். காலை முதல் பஸ்ஸில் பெட்டி ராஜபாளையத்துக்குப் போனது.