தோட்டத்தில் வானாய்வுக் கூடம்: தூணில் தொடங்கிய வேலை

தோட்டத்தில் வானாய்வுக் கூடம் கட்டப்போகிறேன் என்றதும் எல்லாரும் குவிமாடத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். நான் குவிமாடம் வைக்கவில்லை. கூரை அப்படியே பக்கவாட்டில் நகரும்படி கட்டினேன். குவிமாடத்தில் ஒரு பிளவு வழியாகத்தான் வானம் தெரியும். தொலைநோக்கி திரும்பும்போதெல்லாம் அதையும் திருப்ப வேண்டும். கூரையைத் தள்ளிவிட்டால் முழு வானமும் கிடைக்கிறது. பனியும் காற்றும் கூடவே வரும், அது தெரிந்து எடுத்த முடிவு.

பணமும் பொறுமையும் அதிகம் போனது தொலைநோக்கியைத் தாங்கும் தூணுக்கு. ஆழமாகக் குழி வெட்டி, கம்பி கட்டி, கான்கிரீட் அடித்தளம் போட்டு, அதன்மேல் கனமான இரும்புக் குழாயை நிறுத்தினோம். அந்தத் தூண் கூடத்தின் தரையை எங்கேயும் தொடக்கூடாது. சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி விட்டுத்தான் மரத்தளம் அமைத்தோம். கொத்தனாருக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை, சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காலடி அதிர்வு தூணில் ஏறினால் 200 மடங்கு உருப்பெருக்கத்தில் கோள் துள்ளும் என்று விளக்கியதும் ஒப்புக்கொண்டார். வேலை முடிந்த பிறகு நான் சனியைப் பார்த்துக்கொண்டிருக்க, நண்பரை அந்தத் தளத்தில் நன்றாகக் குதிக்கச் சொன்னேன். வளையத்திலுள்ள காசினி இடைவெளி, மெல்லிய கறுப்புக் கோடு, அசையவே இல்லை.

விண்மீன்களைப் பின்தொடர, தொலைநோக்கி சுழலும் அச்சு வான துருவத்தை, அதாவது வானம் சுற்றுவதுபோல் தெரியும் மையப் புள்ளியை, நோக்கியிருக்க வேண்டும். அதற்குத் தூணின் உச்சியிலுள்ள தலைத்தட்டுக்கு வடக்கு தெரிய வேண்டும். காந்த முள் காட்டும் வடக்கு பல இடங்களில் உண்மை வடக்கிலிருந்து விலகியிருக்கும். அதனால் சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் சரிபாதி நேரத்தில் தூக்குக்குண்டு கயிற்றின் நிழலைத் தரையில் குறித்து, அந்தக் கோட்டில் தட்டை வைத்தேன். மிச்சத்தை இரவில் சரிசெய்தோம். துருவ நட்சத்திரமும் வான துருவத்திலிருந்து அரைப் பாகைக்குச் சற்று மேல் தள்ளித்தான் இருக்கிறது. ஆகவே உச்சியை ஒட்டிச் செல்லும் ஒரு விண்மீனைப் பார்வைப் புலத்தில் வைத்து, அது வடக்கே நழுவுகிறதா தெற்கே நழுவுகிறதா என்று கவனித்து, நழுவல் நிற்கும்வரை பக்கவாட்டுத் திருகைத் திருப்பினேன். பிறகு கிழக்கில் தாழ்வாக இருக்கும் விண்மீனை வைத்து உயரத் திருகு. மெதுவான வேலைதான், ஆனால் நிலையான தூணில் ஒருமுறை செய்தால் நிற்கும்.

கூரைக்குக் கவிழ்த்த ஆங்கிள் இரும்பே தண்டவாளம், அதில் பள்ளம் விழுந்த சக்கரங்கள். நான்கு மூலையிலும் கொக்கி போட்டுப் பூட்டுங்கள். பலமான காற்று இலேசான கூரையைத் தூக்கிவிடும். சுவருக்குச் செங்கல் வேண்டாம். பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் விட்டுக்கொண்டிருக்கும், அந்தக் காற்றில் பிம்பம் கொதிக்கும். மரச்சுவர், வெள்ளைப் பூச்சு, ஒரு சிறு விசிறி போதும். மின்கம்பிக்கும் தரவுக் கம்பிக்கும் தனித்தனிக் குழாய்களை கான்கிரீட் ஊற்றும் முன்பே புதைத்துவிட வேண்டும்.

சிறுகோள் ஒன்று விண்மீனை மறைக்கும் நேரத்தை அளப்பதற்காகத்தான் இத்தனையும் செய்தேன். விண்மீன் சில நொடிகள்தான் அணையும். பல இடங்களில் எடுத்த நேரங்களைச் சேர்த்தால் அந்தக் கல்லின் வடிவமே வரும். முன்பெல்லாம் முக்காலியை நிறுத்திச் சீரமைப்பதற்குள் நேரம் தாண்டிவிடும். இப்போது கூரையைத் தள்ளி, மூடியைக் கழற்றி, கேமராவை ஓடவிட்டால் போதும்.