கொடியை இறக்கிய பத்திரிகை ஆசிரியர்

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள கார்ன்வாலிஸ் கோட்டைக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் ஸ்ரீ ரம்பாய் பீரங்கியைத் தேடித்தான் போகிறார்கள். நான் கொடிமரத்தைத் தேடிப் போனேன். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 டிசம்பரில் இந்தக் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றியவர் ஓர் இலங்கைத் தமிழர். 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. ஊருக்கு அவர் 'சரா'.

டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்தபோது பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் மக்கள் ஓடி ஒளியவில்லை. தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். குண்டு விழும் என்று யாருக்குத் தெரியும்? பிணங்களை எடுக்கக்கூட ஆளில்லாமல் போனது ஊர். 16ஆம் தேதி இரவுக்குள் பிரிட்டிஷார் ஐரோப்பியர்களைச் சத்தமில்லாமல் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் அப்படியே கைவிடப்பட்டார்கள். நினைத்தால் இன்றும் மனசு கொதிக்கிறது.

கொடி மட்டும் கோட்டையில் பறந்துகொண்டே இருந்தது. அது பறக்கும்வரை குண்டும் விழும் என்பது சராவுக்குப் புரிந்தது. கொடியை இறக்கினார். அப்புறம், ஊரில் படை எதுவும் இல்லை என்று வானொலி வழியாக ஜப்பானியருக்கு அறிவித்தார். பல இனத்தாரும் சேர்ந்த சேவைக் குழுவுக்குத் தலைமை ஏற்று, கொள்ளையையும் பசியையும் சமாளித்தார். செய்தி எழுத வேண்டிய மனிதர் ஊரையே தாங்கி நின்றார். அதே ஜப்பானியர் பிறகு அவரைச் சிறையில் தள்ளினார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். கொழும்பு கிரிக்கெட் மைதானம் ஒன்றுக்குப் பெயர் தந்த பி. சரவணமுத்து இவருடைய சகோதரர்தான். போருக்குப் பின் இலங்கையின் பிரதிநிதியாக இந்தோனேசியா வரை போனார். 'தி சாரா சாகா' என்ற அவருடைய தன்வரலாறு 1970இல் வந்தது. போர்க்காலப் பினாங்கை உள்ளேயிருந்து பார்த்தவரின் எழுத்து என்பதாலேயே நான் அதை மதிக்கிறேன்.

ஜார்ஜ் டவுனின் லெபு பாசார் தெருவில் தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீரைக் குடிக்கும்போது பக்கத்தில் இருந்த பெரியவரிடம் இதைச் சொன்னேன். "துரைங்க ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டாங்கன்னு எங்கப்பா சொல்வாரு. கொடியை இறக்குனது நம்மாளா தம்பி?" என்றார். "ஆமாங்கய்யா" என்று முழுக் கதையையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், அந்தப் புத்தகத்தின் பெயரைத் தம் பேரனுக்காக எழுதித் தரச் சொன்னார்.